அடியில் இருப்பவன் அண்ணன்

ஆற்றோரப் பாறைச் சரிவின் அடியடுக்கில், கல்லாகிப் போன சங்கு ஒன்று இருந்தது. ஒரு மழையில் மேல்மண் கரைந்ததும், அதற்கு மேலடுக்கில் மூன்று விரல் காலடித் தடம் ஒன்று வெளியே தெரிந்தது.

"கீழே யாருப்பா? உன்னைவிட உசரத்துல இருக்கேன். அப்போ நான்தானே மூத்தவன்?" என்றது தடம்.

சங்குக்குச் சிரிப்புத் தாளவில்லை. "இங்கே அந்தக் கணக்கு செல்லாது. என்மேல சேறு படிஞ்சு இறுகின பிறகுதான் உன் அடுக்கே வந்தது. அடியில இருக்கிறவன்தான் அண்ணன்."

"தெரியாமச் சொல்லிட்டேன், அண்ணே!"

மரியாதை கிடைத்தும் சங்கு விடவில்லை. "அதோட, எனக்கு ஒரு சுருள்கூட உடையலை. உன்கிட்ட என்ன இருக்கு? வெறும் பள்ளம்!"

"நிஜந்தான் அண்ணே," என்றது தடம், கொஞ்சமும் வருத்தமில்லாமல். "நீங்க இங்கேயே உயிரை விட்டீங்க, முழுசா இருக்கீங்க. என்னைப் பதிச்ச பிராணி ஈரச் சேத்துல காலை வச்சு, எடுத்து, அது பாட்டுக்கு நடந்து போயிடுச்சு."

சங்கு மெல்லக் கேட்டது: "எந்தப் பக்கமா போச்சு, தம்பி?"

"தண்ணி இருந்த பக்கமா, அண்ணே. என் விரலெல்லாம் இன்னும் அங்கேதான் பார்த்துட்டிருக்கு."