பெரியநாயகி விடமாட்டா

"தாலிய அறுத்துக்க நான் தயாரா இல்ல. இவரு எந்த மலைக்கும் வரமாட்டாரு. போங்க, போயி வேலையப் பாருங்க!"

பெரியநாயகி போட்ட போடில் வாசலில் நின்ற பட்டறை ஆட்கள் மூன்று பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். அவள் புருஷன் தங்கராசு உள்ளே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

இது மூன்றாவது வருஷம்.

சேலத்துக்கும் அரூருக்கும் நடுவே உள்ள மஞ்சவாடிக் கணவாயை எல்லாருமாகச் சேர்ந்து சைக்கிளில் தாண்டலாம் என்று ஆரம்பித்து வைத்ததே தங்கராசுதான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்கு வருமுன், அரூர்ப் பக்கமிருந்து பீங்கானுக்கான வெள்ளைக்கல் ஏற்றி வரும் லாரியில் லோடு ஆளாக இருந்தவர். எந்த வளைவில் மூச்சு முட்டும், எந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அட்டைப்பெட்டியைக் கிழித்து, கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டுவார்.

"உச்சியில நின்னா மேகம் நம்ம காலுக்குக் கீழ போவும்யா!"

அதைக் கேட்ட நாளிலிருந்து, வாசலில் நின்ற மூவரில் ஒருவனான கொளஞ்சியப்பன் சரியாகத் தூங்கவில்லை. முப்பது வயசாகிறது, பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லு, விட்டால் கரும்பு. அவன் ஏறிய பெரிய உயரம் சூளைப் புகைபோக்கியின் ஏணிதான். ஒரே ஒரு தடவை மேகத்துக்கு மேலே நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆயுத பூஜைக்குச் சூளையை அணைத்தால் மறுபடி மூட்ட ஐந்து நாளாகும். பட்டறையில் எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது வருஷத்தில் அப்போதுதான். போகும்போது மிதிப்பது, திரும்பும்போது சேலத்தில் சைக்கிள்களை ரயிலில் போட்டுக்கொண்டு வருவது. பஞ்சர் பசை முதற்கொண்டு தங்கராசுவே யோசித்து வைப்பார். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பெரியநாயகி குறுக்கே விழுவாள். வழி தெரிந்த ஆள் இல்லாமல் மலையேற யாருக்குத் துணிச்சல் வரும்? திட்டம் படுத்துவிடும்.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்க. பேயக் கட்டுனவன் மலை கூட ஏற முடியாதுபோல!" என்றான் அர்ச்சுனன், திரும்பி வரும்போது தெருமுனையில். மாணிக்கவேல் சிரித்தான். கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆயுத பூஜையன்று மத்தியானம் அவன் மட்டும் மறுபடி போனான். தங்கராசு பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தார். பெரியநாயகி சைக்கிளைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க கால்ல வேணாலும் வுழறேன். இந்த ஒரு வருஷம் அண்ணன வுடுங்க."

அவள் அடுத்த பொட்டை வைத்தாள். அவன் எரிச்சலோடு பக்கத்தில் குந்தி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினான். குனிந்து பார்த்தான்.

டயர் இரண்டும் மழுங்கத் தேய்ந்திருந்தன. ஆனால் பெடல் ரப்பரில் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை.

தங்கராசு தினமும் பட்டறைக்குச் சைக்கிளோடுதான் வருவார். தள்ளிக்கொண்டு வருவார். கேட்டால், "நாலு பேரோட பேசிக்கிட்டு நடக்கலாமில்லய்யா" என்பார்.

"அண்ணி... அண்ணனுக்கு ஓட்டத் தெரியாதா?"

பெரியநாயகி தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கப்பா சீரா குடுத்த சைக்கிளு தம்பி. பதினோரு வருஷமாவுது. ஒரு நாளு பின்னால குந்திக்கிட்டு கொளஞ்சியப்பர் கோயிலு வரைக்கும் போவணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. இந்த மனுஷன் சின்ன வயசுல கத்துக்கல. இப்பக் கத்துக்க வெக்கம். ஊரு சிரிக்குமாம்."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் திட்டம் போடறாரு?"

"அந்த ஒரு மாசம்தான் அவரு மூஞ்சியில களை இருக்குது. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. கடைசியில பழிய நான் வாங்கிக்கறேன். பேயின்னு சொல்றாங்க, சொல்லிட்டுப் போறாங்க."

உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். "வழியெல்லாம் இதுல இருக்குது. நீங்களாவது போயிட்டு வாங்க. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க தம்பி."

விஜயதசமி. விடிந்தும் விடியாமல் அர்ச்சுனனும் மாணிக்கவேலும் சைக்கிளோடு கடைவீதியில் நின்றார்கள். கொளஞ்சியப்பன் அட்டையை நீட்டினான்.

"அண்ணி அசையல. பேயேதான்! இத வெச்சிக்கிட்டு நீங்க போங்க. நான் வரல."

"என்னய்யா ஆச்சு?"

"என் வூட்லயும் வுடமாட்டேங்கறா."

"பார்றா! பெரியநாயகி சீக்கு இவன் வூட்டுக்கும் தொத்திடுச்சி!"

சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். இரண்டு பெல் சத்தமும் மேற்கே போய்த் தேய்கிற வரைக்கும் கொளஞ்சியப்பன் நின்று பார்த்தான். ஆசையாசையாய் அவன் பெண்டாட்டி கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஹேண்டில்பாரில் தொங்கியது. சைக்கிளை ஆற்றங்கரைப் பக்கம் திருப்பினான்.

நேற்று அவன் பெரியநாயகியிடம் சொல்லிவிட்டு வந்தபடி, ஆள் நடமாட்டமில்லாத மேட்டில் தங்கராசு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் பெரியநாயகி.

"நீ போவலியா? மேகத்தப் பாக்கணும்னு துடிச்சியே!" என்றார் தங்கராசு.

"மேகம் எங்கண்ணே ஓடிடப் போவுது? அடுத்த வருஷம் சேந்து பாக்கலாம். விஜயதசமிக்குக் கத்துக்கிட்டா எதுவும் வெளங்கும். காலத் தூக்கிப் போடுங்க!"

கொளஞ்சியப்பன் கேரியரைப் பிடித்துக்கொள்ள, தங்கராசு பத்தடி போனார். தொபுக்கடீர் என்று விழுந்தார்.

பெரியநாயகி ஓடி வந்தாள். புருஷனைத் தூக்கவில்லை, சைக்கிளைத்தான் தூக்கி நிறுத்தினாள். கேரியரில் ஒட்டிய மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏந்தம்பி, பின்னால ஆளு குந்துறதுக்கு இன்னும் எத்தினி நாளாவும்?"