ஷேர் ஆட்டோவில் பேசுகிற பேச்சா?

"குளிக்கச்சொல்லத்தான் கல்பனா, கைக்குத் தட்டுப்பட்டுச்சி. மார்ல ஒரு கட்டி. மொதல்ல வலிக்கவே இல்ல. வலிக்கலியேன்னு சும்மா உட்டுட்டேன் பாரு, அதான் நான் பண்ண தப்பு! கடைசில பாத்தா கேன்சர்."

புதுவாயலில் கிளம்பிய ஷேர் ஆட்டோவில் மேரி சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னாள் என்பதைவிடக் கூவினாள் என்றே சொல்லலாம். கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. பக்கத்தில் இருந்த கல்பனாவுக்கு மட்டுமா, டிரைவருக்கும் கேட்டது.

எதிர் சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த பரசுராமனுக்குக் காது கூசியது. கழனி, போர்வெல், ஊரில் நல்ல பேர் எல்லாம் உள்ள மனுஷர். மேரியின் அம்மா அவர் கழனியில் நடவு நட்டவள். பக்கத்தில் வேறு அவர் மனைவி செல்வி உட்கார்ந்திருக்கிறாள்.

மேரி விடுவதாக இல்லை. "இதுல இன்னா வெக்கம் கல்பனா? யார்கிட்டயாவது வாயைத் தொறந்து சொல்லிடணும். எங்கிட்ட சொன்னாக்கூட போதும், நானே இட்டுக்கினு போவேன்."

"ஏம்மா மேரி!" பரசுராமன் வெடித்தார். "ஆம்பளைங்க உக்காந்துனு இருக்கோம், இன்னா பேச்சு இது? ஷேர் ஆட்டோல பேசற பேச்சா? வெக்கம் மானம் கெடையாது? வாயை மூடிக்கினு வா!"

"சரி நைனா" என்று மேரி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வியும் கும்மிடிப்பூண்டி வரும்வரை நிமிரவில்லை. பாவம், அவளுக்கே கூசிப்போச்சு என்று நினைத்துக்கொண்டார் பரசுராமன். நாலு பேர் முன்னால் நியாயத்தைச் சொல்லிவிட்ட திருப்தி. இறங்கும்போது மீசையைக்கூட ஒருதரம் தடவிக்கொண்டார்.

மழை முடிந்தது, அறுப்பும் முடிந்தது. நெல் மூட்டைக்குக் கை கொடுக்க வந்த செல்வி, இடது கையைத் தூக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள்.

கும்மிடிப்பூண்டி டாக்டர் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட்டைப் பார்த்ததும் அவர் முகமே சரியில்லை.

"மார்பகக் கேன்சர். அதுலயும் வேகமா பரவுற வகை. இதுல நான் கை வைக்கக் கூடாது. இதுக்குன்னு இருக்கற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட உடனே போங்க. லேட் பண்ணாதீங்க."

உடனே என்றால் எங்கே? பரசுராமன் சென்னைக்கு ஓடினார். ஒரு இடத்தில் டாக்டர் லீவு. இன்னொரு இடத்தில் அடுத்த மாசம் வா என்றார்கள். ஊரில் யாரையாவது கேட்கலாம் என்றால், 'எங்க கேன்சர்?' என்று திருப்பிக் கேட்பார்களே! 'மார்ல' என்கிற வார்த்தையை எந்த வாயால் சொல்வது? சொந்தக்காரர்களிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார். இங்கே அவர் மானம் பார்த்துக்கொண்டிருக்க, அங்கே செல்விக்குள் அது பரவிக்கொண்டிருந்தது. ஐயோ, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அந்த வார்த்தையைக் கூசாமல் சொன்ன ஆள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான்.

மேரியின் தெருவுக்கு அவர் கழனி வேலைக்கு ஆள் கூப்பிட வந்ததுண்டு. அதுவும் தெருமுனையோடு சரி. இன்றைக்கு வாசல்வரை வந்து நின்றார்.

"வாங்க நைனா! உள்ள வந்து உக்காருங்க." மேரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை.

"இல்லம்மா... என் ஃப்ரெண்டு ஒர்த்தன். அவன் ஊட்டம்மாவுக்கு... நீ அன்னைக்கு ஆட்டோல சொன்னியே, அது."

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"வேகமா பரவுற வகையாம்."

"எனக்கும் அதான் நைனா. இதோ, முழுசா நிக்கறேன் பாருங்க. பயப்பட வேணாம்னு உங்க ஃப்ரெண்டாண்ட சொல்லுங்க. என்னைப் பாத்த மெட்ராஸ் டாக்டரம்மா இதுக்குன்னே படிச்சவங்க. நாளைக்குப் புதுசா வர்றவங்களைப் பாப்பாங்க. ரிப்போர்ட்டு எல்லாத்தையும் எடுத்துக்கினு காலைல கவரப்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. நானும் வரேன்."

சொன்ன கையோடு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு லீவும் சொல்லிவிட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம்?"

"அங்க எந்தக் கதவுல நுழையறதுன்னே தெரியாது நைனா. மொத தபா நான் அழுதுக்கினு நின்னேன். இன்னொர்த்தர் அப்டி நிக்க வேணாம்."

"அன்னைக்கு உன்னை நாலு பேர் முன்னால பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா."

"அத்த உடுங்க. அக்காவை நல்லா சாப்புடச் சொல்லுங்க. வெறும் வயித்தோட இட்டாந்துடாதீங்க."

பரசுராமன் திடுக்கிட்டார். "செல்விக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

மேரி துப்பட்டா நுனியைத் திருகினாள்.

"யாரும் சொல்லல. அன்னைக்கு ஆட்டோ பள்ளத்துல எறங்கச்சொல்ல அக்கா பட்டுனு மாரை அழுத்திப் புடிச்சாங்க. நானும் கட்டி பெருசானப்புறம் அப்டிப் புடிச்சிக்கினு திரிஞ்சவதான். நீங்க பக்கத்துல இருக்கச்சொல்ல நேரா எப்டிக் கேக்கறது? அதான் கல்பனாகிட்ட சொல்ற மாதிரி சத்தமா சொன்னேன். கல்பனாவுக்கு என் கதை எப்பவோ தெரியும் நைனா."

கொஞ்சம் தயங்கினாள்.

"அக்காவும் எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தாங்க. அதுக்குள்ள..."

மேலே சொல்லாமல், "டீ போட்டாறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

பரசுராமன் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அன்றைக்கு ஆட்டோவில் அவர் மூட வைத்தது செல்வியின் வாயை.