இரவல் ரத்தம்

"ஏட்டி, என் ரத்தத்த ஒன் பேருல குடுக்கச் சொல்லுதியே, இது அடுக்குமா?" என்றாள் ரோஸ்மேரி.

"மெதுவாப் பேசு! தங்கவேலு அண்ணன் காதுல விழுந்துறப் போகுது," என்று சீனியம்மாள் அவள் வாயைப் பொத்தினாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். மங்கலம் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் ஹாலில், டி-ஷர்ட் கட்டுகளுக்குப் பின்னால் இருவரும் ஒளிந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் லேப்காரர் ஊசியும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்.

கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. சம்பளம் என்னவோ செக்கிங் சம்பளம்தான். ஆனால் தனி அறை உண்டு, பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். சீனியம்மாளுக்கு அது போதும். புருஷன் இறந்த பிறகு மகள் சித்ராதேவியைச் சாத்தூரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தவள் அவள். நாலு பெண்களோடு பங்குபோட்டுத் தங்கியிருக்கும் லைன் வீட்டில் பிள்ளையை எங்கே வைப்பது? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்ப்பாள். திரும்பப் பஸ் ஏறும்போது தாயும் மகளும் அழுகிற அழுகையில் கண்டக்டரே விசில் ஊதத் தயங்குவார்.

"பேர் குடுத்தவங்க எல்லாரும் காமாலைக்கு ரத்தம் குடுக்கோணும். ரிசல்ட்டப் பாத்துத்தான் ஆள் எடுப்பாங்களாமா," என்று சூப்பர்வைசர் தங்கவேலு காலையில் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"சின்னதுல எனக்குக் காமாலை வந்துச்சுன்னு சொன்னேன்ல? கண்ணு, நகமெல்லாம் மஞ்சளாப் போயி, கீழாநெல்லிய அரச்சு அரச்சு ஊத்துனாங்க. ஒரு தடவ வந்துட்டா ரத்தத்துல அதோட தடம் போகவே போகாதாம்."

"அதான் சரியாப் போச்சுல்லா? பொறவு என்ன?"

"ஹாஸ்டல்ல காமாலை வந்த பிள்ளைகள மாடி ரூம்ல ஒதுக்கி வச்சு, ஒருத்தரையும் கிட்ட விட மாட்டேங்குறாங்களே, பாத்தேல்ல? முதலாளி காமாலைன்னு பேரக் கேட்டாலே பதறுறாரு. எனக்கு வந்ததுன்னு தெரிஞ்சா அந்த ரூம் சாவியக் குடுப்பாரா? ஒனக்குத்தான் அது வந்ததே இல்லையே ரோசு. கைய நீட்டுனாப் போதும்."

ரோஸ்மேரிக்கு ஊசி என்றாலே பாதி உயிர் போய்விடும். காது குத்தின அன்றைக்குத் தெருவையே கூட்டினவள். இருந்தாலும் எழுந்தாள்.

"ஒனக்காவ இல்லட்டி, ஒன் மவளுக்காவ."

"சீனியம்மாள்!" என்று லேப்காரர் கூப்பிட்டதும், "கர்த்தரே, மன்னியும்" என்று முணுமுணுத்துவிட்டு, ரோஸ்மேரி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, கம்பெனியின் முதலுதவி அறைக்கு வந்திருந்த டாக்டர் ஜனனியிடமிருந்து சீனியம்மாளுக்கு அழைப்பு வந்தது. துணைக்கு வந்த ரோஸ்மேரி, கையைத் தடவிக்கொண்டே வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. உங்க ரிசல்ட் வந்துருச்சுங்க."

"காமாலை... இருக்கா டாக்டர்?"

"அது வந்த தடமே இல்லீங்க. சின்ன வயசுலகூட வந்திருக்காது. நம்ம பக்கம் இப்படி ஒரு ரத்தத்தப் பாக்கறதே அபூர்வமுங்க."

சீனியம்மாள் சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். சித்ராதேவி பள்ளிக்கூடப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்குவது கண்முன்னே தெரிந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழம போய் எம்மகளக் கூட்டிட்டு வந்துரட்டுமா டாக்டர்?"

டாக்டரின் முகம் வாடியது.

"அதுதானுங்க கஷ்டமா இருக்குது. விசாரிச்ச எடத்துல எல்லாம் உங்களத்தான் நல்லவிதமாச் சொன்னாங்க. முதலாளிக்கும் உங்களத்தான் புடிச்சிருக்குது. ஆனா இந்த ரத்தத்த வெச்சுட்டு உங்கள நான் அங்க விட முடியாதுங்க."

"ஏன் டாக்டர்? தடமே இல்லைன்னீங்களே?"

"அதனாலதானுங்க. மாடி ரூம்ல அத்தன புள்ளைங்க காமாலையோட படுத்திருக்குதுங்க. பக்கத்துல இருந்து கஞ்சி குடுக்கோணும், துணி அலசிப் போடோணும். இந்தக் காமாலை ஒருக்கா வந்து போனவங்களுக்குத் திரும்ப வராதுங்க. அத எதுக்கற சக்தி அவங்க ரத்தத்துலயே இருக்கும். அது யாருகிட்ட இருக்குதுன்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்டே எடுக்கச் சொன்னேன். உங்ககிட்ட அது துளிகூட இல்லீங்க."

சீனியம்மாள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"நாளைக்கே ஆள் வேணுமுங்க, தடுப்பூசி போட்டு அது புடிக்கற வரைக்கும் காத்திருக்க முடியாது," என்றார் டாக்டர் வருத்தத்தோடு. "வேலை போச்சுன்னு நீங்க சும்மா இருந்துராதீங்க. உங்க ரத்தத்துக்குக் கட்டாயம் தடுப்பூசி வேணும். இப்ப ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு. இப்பவே போட்டுரலாங்களா?"

சீனியம்மாள் எழுந்தாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, கையை மேசைமேல் நீட்டினாள்.

"தப்புப் பண்ணிட்டேன் டாக்டர், மன்னிச்சிருங்க. அந்த ரெண்டு ஊசியையும் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்காளே, அவளுக்குப் போடுங்க. காமாலை வந்த ரத்தம் இந்தா இருக்கு, எடுத்துக்கோங்க!"