மேல் படி

ஜன்னலுக்கு வெளியே பனியன் கம்பெனியின் ஓவர்லாக் மிஷின்கள் இரைகின்றன. உள்ளே சிகிச்சை அறைக் கட்டிலில் ரங்கசாமி கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். முப்பது வருடம் துணி வெட்டிய வலது தோள் தை மாதம் இறுகிப்போனது. பிசியோதெரபி செய்யும் முனீஸ் ஒரு கையால் தோள்பட்டையை அணைத்துக்கொண்டு, மறு கையால் மேல்கையை மெல்ல மெல்லக் கீழே தள்ளி விடுகிறான். "நீங்க தூக்காதீங்க அண்ணாச்சி. கனத்தப் பூராவும் எங்கிட்ட விடுங்க." "உட்டுட்டனுங்க தம்பி." "எங்க விட்டீக? கட்டிங் டேபிள் முன்னாடி நிக்கிற மாதிரில்லா விறைச்சிருக்கு." அவர் சிரிக்கிறார். சிரிப்பில் கை தளர்ந்து அந்த உள்ளங்கைகளில் இறங்குகிறது. மனைவி சரசு போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அதற்குப் பிறகு அவர்மேல் இவ்வளவு நேரம் தங்கிய கை இது ஒன்றுதான்.

"இன்னைக்கு மேல் படியத் தொட்டுட்டா நாளைல இருந்து வர வேண்டாம். வீட்லயே செஞ்சுக்கிடலாம்," என்கிறான் முனீஸ். சுவரில் விரல்களால் ஏறுவதற்கென்று சிறிய மர ஏணி. தினமும் எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. எழுந்து வந்து நின்ற ரங்கசாமியின் விரல்கள் ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. வெயில் மணிக்கட்டில் விழுகிறது. வலி இல்லை. மேல் படிக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது விரல் நின்றுவிடுகிறது.

"எட்டலீங்க தம்பி."

முனீஸ் அவர் தோளில் கை வைத்துப் பார்க்கிறான். அங்கே இறுக்கம் எதுவும் இல்லை. கையை எடுக்காமலே, "அப்ப நாளைக்கும் வாங்க அண்ணாச்சி," என்கிறான்.