தைத்து மூடிய பாக்கெட்

"பாக்கெட்டையெல்லாம் தைச்சு மூடுங்க தமயந்தி! பொம்பளை டிரஸ்ல பாக்கெட் வெச்சா இடுப்பு வளைவே கெட்டுடும். மூடலேன்னா உங்க பேர்ல ஷோ கிடையாது!"

ஃபேஷன் நிறுவன முதலாளி மகேந்திரன் இரைந்துவிட்டு, மேடைக்கு எதிரே முன்வரிசைக்குப் போனார். தமயந்தி பதறவில்லை. நூல் கோத்தாள். தான் வடிவமைத்த அத்தனை கவுன்களிலும் பாக்கெட் வாயை மூடினாள்.

"என்னக்கா, அடங்கிட்டீங்களா?" மாடல் ஷெரின் சீண்டினாள்.

"வெறும் ஓட்டுத் தையல்தான்டி. ஒரு இழு இழுத்தா கையோட வந்துடும்."

விளக்குகள் பளீரிட்டன. மேடை நுனிவரை நடந்த ஷெரின் நின்றாள். இடுப்பின் இரு பக்கமும் தொங்கிய நூல்களைச் சுண்டி இழுத்தாள். கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டு, தோளை நிமிர்த்தி, எதிரே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

முன்வரிசைப் பெண்களின் கைகள், அவர்களை அறியாமலேயே, தங்கள் இடுப்போரத்தில் எதையோ தேட ஆரம்பித்தன. மகேந்திரன் திரும்பினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவியின் கையும், தான் அணிந்திருந்த அவருடைய நிறுவனத்து கவுனைத் தடவிக்கொண்டிருந்தது.

"இதுல ஏங்க வைக்கலை?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த மாடல் மேடையேறிவிட்டாள். அவள் விரல்கள் ஏற்கெனவே நூலைப் பிடித்திருந்தன.