வீட்டுக்காரர்

“கணவரா? கணவர்னு யார் சொன்னது?” கேட்டுவிட்டு, விதவையின் வக்கீல் நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சபை அசந்து போகும்வரை துடைப்பது அவர் பாணி.

பின்னால் அவருடைய கட்சிக்காரி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சர்வதேச நிறுவனமொன்றில் ஒன்பது நாடுகளில் வேலை பார்த்து, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். தபாலில் சேர்க்க மறந்து அவர் ஆபீஸ் இழுப்பறையில் போட்டிருந்த ஒரு கடிதம் அகப்பட்டதும், அவளுடைய குடும்ப ஓய்வூதியம் நின்றது. யாரோ ஒருத்தி தன் தங்கைக்கு எழுதிய கடிதம். இன்னொரு மனைவி உண்டென்றால் ஓய்வூதியம் கிடையாது, விதி அப்படி.

“‘எங்க வீட்டுக்காரர் ஒண்ணாம் தேதி வந்தார். குழாய் ஒழுகுதுன்னேன், காதுலயே போட்டுக்கல.’ இவ்வளவுதான் ஐயா கடிதம்!” என்றார் வக்கீல். “இதை உங்க மொழிபெயர்ப்பாளர் ‘என் கணவர்’னு மாத்தி, இந்தம்மா வயித்துல அடிச்சுட்டார். தமிழ்ல, வீட்டை வாடகைக்கு விடறவரும் வீட்டுக்காரர்தான்!”

தமிழ் தெரியாத, நிறுவனத் தீர்ப்பாய நீதிபதிகளின் மூன்று தலைகளும் ஒன்றாக ஆடின. மூலையில் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்தது.

“போதும் சார், உட்காருங்க,” என்று கிசுகிசுத்தாள் கட்சிக்காரி.

“இருங்கம்மா, இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு.”

கடிதம் எழுதியவளையே அவர் சாட்சியாக வரவழைத்திருந்தார். முன்கூட்டி அவளிடம் பேசவில்லை. அதெல்லாம் சின்ன வக்கீல்கள் செய்யும் வேலை.

சாட்சி வந்தாள். முகவரிச் சான்று கேட்ட குமாஸ்தாவிடம் வீட்டு வரி ரசீதை நீட்டினாள்.

வக்கீல் புகைப்படத்தைக் காட்டினார். “இவர்தானேம்மா உங்க வீட்டுக்காரர்?”

“அவரேதான் சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாருங்க ஐயா! வீட்டு ஓனருக்காக அழற குடித்தனக்காரங்க இந்தக் காலத்துல எங்கே கிடைப்பாங்க?”

தலைமை நீதிபதி சிரித்தபடி பேனாவை மூடினார். “எங்களுக்குத் திருப்தி. தீர்ப்பு எழுதிடலாம்.”

கட்சிக்காரி எட்டு மாதமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். வக்கீலுக்குத்தான் அத்தோடு நிறுத்த மனசு வரவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாட்சியின் பக்கம் திரும்பினார்.

“கடைசியா ஒண்ணே ஒண்ணும்மா. மாசம் எவ்வளவு வாடகை கொடுத்தீங்க?”

“சொந்த வீட்டுக்கு எதுக்கு சார் வாடகை?”