குன்று இருந்த பக்கம்

இந்தோனேசியத் தீவான தெர்னாத்தேக்குப் போகும் விமானத்தில் எல்லோரும் வலது பக்கத்து ஜன்னலைத்தான் கேட்பார்கள். அந்தப் பக்கம்தான் எரிமலை தெரியும். ருகாயா இடது பக்கம் கேட்டாள்.

"அங்க சுரங்கம்தானேம்மா இருக்கு? வலது பக்கம் உக்காரு, செல்ஃபி நல்லா வரும்" என்றாள் கவுண்டர்க்காரி.

"எங்கப்பா அங்கதான் இருக்கார்."

நிக்கலுக்காகக் குன்றை வெட்டியபோது மண் சரிந்து அவரை மூடியது. உடம்பைத் தேடாமலே கம்பெனி வேலி போட்டது. அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்றது. குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கிய மகள் போய் நின்று கத்தியும் வாசல் திறக்கவில்லை. இனி மேலிருந்து பார்த்தால்தான் உண்டு.

பக்கத்து இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்டவன் எட்டிப் பார்த்தான்.

"என்னத்தப் பாக்குற? குன்றைத்தான் மொத்தமா வழிச்சு எடுத்தாச்சே."

"சொல்றதுக்கு வெக்கமா இல்ல?"

கீழே செம்மண் பள்ளம் தட்டையாகக் கிடந்தது. ஆனால் குன்றின் நிழல் பழைய உயரம் குறையாமல், காலை வெயிலில் கடல்வரை நீண்டிருந்தது.

அவன் சட்டென்று ஜன்னல் மறைப்பை இழுத்து மூடினான். அவள் திறந்தாள்.

நிழலுக்குள் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.